தடைக்கம்பு இல்லாத சுங்கச்சாவடி

நெடுஞ்சாலைப் பயணத்தில் சுங்கச்சாவடியைக் கடக்காதவர் உங்களில் அநேகமாக இருக்க மாட்டார். வண்டி மெதுவாகிறது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டாக் வில்லையை மேலே உள்ள கருவி படிக்கிறது. தடைக்கம்பு உயர்கிறது, வண்டி புறப்படுகிறது. வில்லைக்குரிய கணக்கில் பணம் இல்லையென்றால் கம்பு உயராது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலி எழுப்பத் தொடங்கிவிடும்.

அந்தக் கம்பை எடுத்துவிட்டால் என்ன? வண்டி நிற்கவே வேண்டாம்; வரிசையும் இராது; எரிபொருளும் வீணாகாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கம்பு ஒரு வேலை செய்துகொண்டிருந்ததே, அதை இனி எது செய்யும்? இந்தக் கேள்விக்குப் பத்தாண்டுக் காலம் விடை தேடிய ஓர் ஊரின் கதையை இங்கே பார்ப்போம்.

எஃகுத் தோரணங்கள்

தென்னாப்பிரிக்காவில் கௌடெங் என்றொரு மாநிலம் உண்டு. பரப்பளவில் அந்நாட்டின் மாநிலங்களிலேயே மிகச் சிறியது. மக்கள் தொகையில் மிகப் பெரியது. காந்தியடிகள் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜோகன்னஸ்பர்க் நகரமும், நாட்டின் தலைநகரங்களுள் ஒன்றான பிரிட்டோரியாவும் இங்கேதான் உள்ளன. இரு நகரங்களுக்கும் இடையே காலையும் மாலையும் வண்டிகள் எறும்புச் சாரைபோல் நகரும்.

2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் அந்நாட்டில் நடைபெற்றன. அதையொட்டி இங்குள்ள விரைவுச் சாலைகளில் சுமார் 185 கி.மீ. நீளம் அகலப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 2,000 கோடி ரான்ட் செலவாயிற்று. தேசிய சாலை நிறுவனம் கடன் வாங்கி இந்த வேலையைச் செய்தது. கடனைத் திருப்பிச் செலுத்தச் சாலையைப் பயன்படுத்துவோரிடமே சுங்கம் பெறுவது என்று முடிவாயிற்று.

நகருக்குள் ஓடும் சாலையில் சாவடி கட்டி வண்டிகளை நிறுத்தினால் என்ன ஆகும்? நெரிசலைக் குறைக்கப் போட்ட சாலையிலேயே நெரிசல் உண்டாகும். ஆகவே சாவடி வேண்டாம், கம்பும் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அதற்குப் பதிலாகச் சாலையின் குறுக்கே நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் எஃகுத் தோரணங்களை நிறுத்தினார்கள். 2013 டிசம்பர் 3-ஆம் நாள் அவை வேலை செய்யத் தொடங்கின.

மூன்றில் ஒரு நொடியில்

அந்தச் சாலையில் வண்டிகள் மணிக்கு 120 கி.மீ. வேகம் வரை செல்லலாம். அப்படியானால் ஒரு நொடிக்கு எவ்வளவு தூரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 மீட்டருக்குச் சற்று மேல். தோரணத்தின் கருவிகள் சாலையில் 10 மீட்டர் நீளத்தைக் கவனிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு வண்டி அதைக் கடக்கும் நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் மூன்று வேலைகள் முடிய வேண்டும்.

முதல் வேலை, வண்டி யாருடையது என்று கேட்பது. வண்டி ஓட்டுபவர்கள் முன்கண்ணாடியில் ‘இ-டாக்’ என்னும் சிறு பெட்டியைப் பொருத்திக்கொள்ளலாம். தோரணத்திலிருந்து 5.8 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட வானொலி அலை கீழ்நோக்கி வீசப்படுகிறது. இதன் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். பெட்டி தானாக அலை எதையும் உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் அலையில் தன் எண்ணைக் குறிக்கும் மாற்றங்களைச் செய்து திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்ச் சுவரில் அடித்து விளையாடியிருப்பீர்கள் அல்லவா? கண்ணாடியை ஆட்டி ஆட்டி ஒரு செய்தியையே அனுப்பிவிடலாம். பெட்டி செய்வதும் அதுதான்.

இரண்டாவது வேலை, வண்டி என்ன வகை என்று அறிவது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கட்டணம், காருக்கு ஒரு கட்டணம், பெரிய சரக்கு வண்டிக்கு வேறொரு கட்டணம். உணர்கருவிகள் வண்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து வகையை முடிவு செய்கின்றன.

மூன்றாவது வேலை, படம் எடுப்பது. காமிராக்கள் வண்டியின் எண் பலகையைப் படம் பிடிக்கின்றன. கணிப்பொறி அப்படத்திலுள்ள எழுத்துகளையும் எண்களையும் படிக்கிறது. பெட்டி பொருத்தாத வண்டிகளுக்கு இந்தப் படம்தான் ஆதாரம். உரிமையாளரின் முகவரியை அரசுப் பதிவேட்டில் தேடி, அங்கே ரசீதை அனுப்ப வேண்டும்.

காருக்குக் கட்டணம் எவ்வளவு? பெட்டி பொருத்தியவர்களுக்குத் தொடக்கத்தில் கி.மீ.க்கு 30 சென்ட், அதாவது 1 ரான்டில் பத்தில் மூன்று பங்கு. பொருத்தாதவர்களுக்கு அதைவிடக் கூடுதல்.

நூற்றுக்கு ஒன்றுதானே?

இனி கணிதத்துக்கு வருவோம். கௌடெங் மாநில எண் பலகையில் மாநிலக் குறியீட்டை விட்டுவிட்டால் ஆறு குறிகள் இருக்கும். ஒவ்வொரு குறியையும் கணிப்பொறி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 99 மதிப்பெண் வாங்கினால் வீட்டில் பாயசமே வைத்துவிடுவார்கள். ஆனால் ஆறு குறிகளும் ஒருங்கே சரியாக அமைய வேண்டுமே! 0.99-ஐ ஆறு முறை பெருக்குங்கள். விடை சுமார் 0.94. நூறு வண்டிகளில் ஆறு வண்டிகளின் எண் தவறாகிவிடும்!

ஆகவே கணிப்பொறிக்கு ஐயம் தோன்றும் படங்களை மனிதர்கள் பார்த்துத் திருத்துவதுண்டு. இப்படித் திருத்தித் திருத்தி ஆயிரத்துக்கு ஒரு தவறு என்ற அளவுக்குக் குறைத்துவிட்டதாகக் கொள்வோம். நாள்தோறும் பத்து லட்சம் பதிவுகள் நடந்தால் தவறுகள் ஆயிரம். ஒரு மாதத்தில் முப்பதாயிரம்.

பொறியியலாருக்கு ஆயிரத்தில் ஒன்று என்பது மிகச் சிறிய எண். தான் போகாத சாலைக்கு ரசீது பெற்றவருக்கோ அது நூற்றுக்கு நூறு தவறு. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருவருடைய எண்ணைத் திருடிப் போலிப் பலகை மாட்டிக்கொண்டு வேறொருவர் வண்டி ஓட்டினால், காமிரா அந்த எண்ணைச் சரியாகவே படிக்கும். ரசீது மட்டும் குற்றமற்றவர் வீட்டுக்குப் போகும். கௌடெங்கில் இத்தகைய புகார்கள் எழுந்தன. வாராத வழிக்கு வந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் அங்கே போகவில்லை’ என்று மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்!

மக்கள் ஏன் மறுத்தார்கள்?

தவறான ரசீதுகள் மட்டுமே காரணம் அல்ல. தோரணங்கள் இயங்கத் தொடங்கும் முன்பே எதிர்ப்பு மூண்டுவிட்டது. 2012 மார்ச்சில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் நடத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், சுங்கம் தொடங்க இரண்டே நாட்கள் இருந்தபோது உயர் நீதிமன்றம் தடை விதித்தது. செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

மக்கள் என்ன கேட்டார்கள்? “எரிபொருள் வாங்கும்போதே வரி கொடுக்கிறோமே! அதில் சில சென்ட் கூட்டினால் போதாதா? இத்தனை தோரணங்களும் காமிராக்களும் ரசீதுகளும் எதற்கு? பணத்தை வசூலிக்கவே பெரும் பணம் செலவாகுமே!” இது ஒரு கேள்வி. “வேறு வழியில்லாதபோது கட்டணம் விதிப்பது முறையா?” என்பது மற்றொன்று. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் வேலை கிடைக்கும் இடங்களுக்கு வெகு தொலைவில் அமைக்கப்பட்டன. அந்தத் தொலைவு இன்னும் சுருங்கவில்லை. சிற்றுந்துகளுக்கும் பேருந்துகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் சொந்த வண்டியை நம்பி வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் தோரணங்களைக் கடந்தாக வேண்டும்.

சாலை நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சாலை நன்றாகிவிட்டது, பயண நேரம் குறைந்தது. அதில் போகிறவர் பணம் தருவதா, வண்டியே இல்லாத தொலைதூரக் கிராமத்தார் வரியாகத் தருவதா? வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறதே!

ஆனால் பணம் செலுத்தாதவரின் வண்டியை எந்தத் தோரணமும் நிறுத்தவில்லை. படம் எடுத்தது; விட்டுவிட்டது. அவருக்கும் தெரியும், அண்டை வீட்டாரும் செலுத்தவில்லை என்று. பத்துப் பேர் மறுத்தால் வழக்குத் தொடரலாம். பல லட்சம் பேர் மறுத்தால் எத்தனை நீதிமன்றங்கள் வேண்டும்? 2015-இல் ஒரு காருக்கு மாத உச்சவரம்பை 450 ரான்டிலிருந்து 225 ரான்டாகக் குறைத்தார்கள். அப்போதும் நிலைமை மாறவில்லை. 2019 மார்ச்சில் பழைய பாக்கிகளுக்காக வழக்குத் தொடர்வது நிறுத்தி வைக்கப்பட்டது. முடிவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சுங்கம் வசூலாயிற்று.

2022 அக்டோபரில் அரசு இறங்கிவந்தது. இத்திட்டத்தின் கடனில் 70 விழுக்காட்டை மத்திய அரசும் 30 விழுக்காட்டைக் கௌடெங் மாநில அரசும் ஏற்பதாக அறிவிப்பு வந்தது. 2024 ஏப்ரல் 11 நள்ளிரவில் சுங்கப் பதிவு நிறுத்தப்பட்டது. கடன் மறைந்துவிட்டதா? இல்லை. அது இப்போது எல்லோருடைய வரிப் பணத்தின்மேலும் ஏறிவிட்டது. தவறாமல் செலுத்தி வந்தவர்களோ, “எங்கள் பணம் என்ன ஆயிற்று?” என்று கேட்டார்கள்.

முன்பே கிடைத்த பாடம்

வண்டிக்குள் ஒரு கருவியை வைத்து மின்னணு முறையில் சாலைக் கட்டணம் பெறலாம் என்று 1959-இலேயே சொன்னவர் வில்லியம் விக்ரி. பின்னாளில் 1996-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றவர் அவர். இதனைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் ஹாங்காங். 1983 முதல் 1985 வரை சுமார் 2,500 வண்டிகளின் அடியில் மின்னணு எண் பலகைகளைப் பொருத்தினார்கள். சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்கள் அவற்றைப் படித்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் சரியாகவே படித்தன! ஆயினும் திட்டம் கைவிடப்பட்டது. ‘நாங்கள் எங்கே, எப்போது போகிறோம் என்று அரசு குறித்து வைத்துக்கொள்ளுமே’ என்ற அச்சம் மக்களுக்கு.

சிங்கப்பூர் 1998-இல் இம்முறையைத் தொடங்கியபோது இந்த அச்சத்துக்கு ஒரு வழி கண்டது. வண்டியிலுள்ள கருவியில் பணம் ஏற்றிய அட்டை ஒன்றைச் செருகி வைப்பார்கள். தோரணத்தைக் கடக்கும்போதே அட்டையிலிருந்து கட்டணம் கழிந்துவிடும். மீதம் கண் முன்னே தெரியும். மாதக் கடைசியில் வீட்டுக்கு ரசீது வரவேண்டிய தேவை இல்லை. வானொலி அலை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மக்களின் ஐயத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததில்தான் வேறுபாடு.

தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டோம். கம்பு செய்த வேலையை இனி எது செய்யும்? காமிரா செய்யாது, அது பார்க்க மட்டுமே அறியும். ‘இந்தக் கட்டணம் நியாயமானது, தவறு நேர்ந்தால் உடனே திருத்துவார்கள்’ என்று மக்கள் நம்பினால், அந்த நம்பிக்கைதான் அந்த வேலையைச் செய்ய முடியும். கம்பில்லாச் சாவடிகளைக் கொண்டுவரும் முயற்சி நம் நாட்டிலும் தொடங்கியிருக்கிறது. நாளை அவற்றை வடிவமைப்பவர்கள் உங்களில் சிலராக இருக்கலாம்.

செய்து பாருங்கள்

நண்பர்கள் இருவர் பள்ளி வாயிலுக்குள் பாதுகாப்பாக நின்றுகொள்ளுங்கள். வெளியே செல்லும் ஐம்பது வண்டிகளின் எண்களை ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுதுங்கள். பிறகு இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். எத்தனை எண்கள் வேறுபடுகின்றன? அவ்வாறு தவறாக எழுதிய எண்ணும் யாரோ ஒருவருடைய வண்டியின் எண்ணாக இருக்கலாம். இது சுங்கக் கணக்காக இருந்தால், ரசீது அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கும்.