கமத்தொழில் ஆலோசனை வயலுக்கு வந்த வரலாறு

பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302, வெள்ளை இலங்கலையன் 28061 என்னும் நெல்லினங்களை முதிய கமக்காரர் சிலர் இன்றும் நினைவில் வைத்திருத்தல் கூடும். இவற்றுள் பெயர் கமக்காரர் இட்டது. இலக்கம் விவசாயத் திணைக்களம் இட்டது. கமக்காரரின் வயல்களிற் கலந்து நின்ற பயிரிலிருந்து தனிக்கதிர்களைத் தெரிந்து, ஒவ்வொரு கதிரின் மணிகளையும் வெவ்வேறு வரிசையில் விதைத்து, பல போகங்கள் ஒப்புநோக்கி, சிறந்த வரிசையை மாத்திரம் பெருக்கியெடுத்த நெல்லுக்கே அவ்விலக்கங்கள் வழங்கப்பட்டன. கமக்காரரின் அறிவும் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவும் ஒரே பெயரில் இவ்வாறு சேர்ந்து நின்றமை சிறிய காரியமன்று. ஏனெனில், இந்நாட்டிலே கமத்தொழில் அறிவு தொடக்கத்தில் நெல்வயலை நாடி வரவில்லை.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அக்காலத்து ஆட்சியாளரின் கவலையெல்லாம் கோப்பி, கறுவா முதலியவற்றைப் பற்றியதாகவும், பின்னர் தேயிலை, இறப்பர் ஆகியவற்றைப் பற்றியதாகவும் இருந்தது. 1881 ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றிய ‘திரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ற்’ என்னும் சஞ்சிகையும் ஆங்கிலம் கற்ற தோட்டத்துரைமார்க்கே பெரும்பாலும் பயன்பட்டது. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ உழுத கமக்காரனுக்கு ஆலோசனை கூறியவர் அவனுடைய தந்தையும் அயல்வயற்காரனும் வட்டை விதானையுமே ஆவர். அவர்கள் கூறியது குறைவான அறிவன்று. எந்த மழைக்கு எந்த நெல்லை விதைப்பது, எக்குளம் எத்தனை நாள் நீர் தரும் என்பவற்றை அவர்களே அறிந்திருந்தனர்.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. கிராமப் பாடசாலைகளிலே தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1904 ஆம் ஆண்டில் இலங்கைக் கமத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டது. 1912 ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களமும், 1916 ஆம் ஆண்டிற் பேராதனையிலே கமத்தொழிற் பாடசாலையும் தோன்றின. அங்கே பயின்ற போதனாசிரியர்கள் கிராமங்களுக்குச் சென்றபோது அவர்கள் கைக்கொண்டு சென்ற முதன்மையான போதனைகளுள் ஒன்று நாற்று நடுதலாகும்.

இப்போதனைக்கு நேர்ந்த கதி சிறிது விரிவாகக் கூறத்தக்கது. நாற்று நட்டால் விதைநெல் மிச்சமாகும், களை குறையும், விளைச்சல் கூடும். இவை யாவும் உண்மையே. ஆயினும் கமக்காரரிற் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் பழமையில் ஊறியவர்கள் என்று அக்காலத்து உத்தியோகத்தர் பலர் எழுதி வைத்தனர். காரணம் அதுவன்று. மழையை மட்டும் நம்பிய காணிகளில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பது வழக்கம். அங்கே நாற்றுமேடைக்கு நீர் எங்கிருந்து வரும்? குறுங்கால நெல்லின் நாற்றை ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் நடுதல் வேண்டும். மழை பிந்தினால் நாற்று மேடையிலேயே முதிர்ந்து, நட்டபின் போதிய மட்டம் வெடிக்காது. நடுகைக்குரிய கிழமையில் ஊரெங்கும் கூலியாள் கிடைப்பதுமில்லை. நீர் உறுதியாகவுள்ள குளக்கட்டின் கீழே நல்ல ஆலோசனையாயிருந்தது, மானாவாரி வயலிலே நட்டத்தை விளைவிக்கும் ஆலோசனையாயிற்று. போதனாசிரியருக்கோ பயிர் பொய்த்தாலும் மாதச் சம்பளம் உண்டு. கமக்காரனுக்கு அடுத்த போகத்தின் விதைநெல்லும் இல்லாமற் போகும். இதனை எண்ணாது அவனைப் பிடிவாதக்காரன் என்று கூறியது பெருந்தவறு.

இதற்கு மாறான அனுபவம் எச்-4 நெல்லினால் உண்டாயிற்று. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், மேலே கூறிய முருங்கைக்காயன் 302 நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து உண்டாக்கிய இந்த இனம் 1958 ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்டது. அது எரிபந்த நோயைத் தாங்கியது. இட்ட பசளைக்கேற்ப விளைந்தது. அதனைப் பரப்புதற்குப் பெருங்கூட்டங்கள் மிகுதியாகத் தேவைப்படவில்லை. ஓர் ஊரில் ஒருவர் விதைத்தால் அறுவடைக் காலத்தில் அயலவர் வரம்பில் நின்று பார்த்தனர். அடுத்த போகத்துக்கு விதைநெல்லைக் கைமாற்றாகப் பெற்றனர். நெல் தன்மகரந்தச் சேர்க்கையுடையதாகையால் அவ்வாறு பெற்ற விதையும் பெரும்பாலும் இனம் மாறாதிருந்தது. ஆயினும் விதை மட்டுமே இதனைச் செய்தது எனக் கூறுவது நேர்மையாகாது. உத்தரவாத விலைத் திட்டம் நெல்லுக்கு விலை தந்தது. 1962 ஆம் ஆண்டு முதல் பசளைக்கு மானியம் கிடைத்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டை விதானையின் அதிகாரத்தை நீக்கி, கமக்காரர் தெரிவு செய்த பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இவை ஒருங்கே வந்தமையாற்றான் ஆலோசனையும் காதில் ஏறியது.

1970 களின் பிற்பகுதியிலே ‘பயிற்சியும் வருகையும்’ என்னும் முறை புகுத்தப்பட்டது. கிராமமட்ட விரிவாக்க ஊழியர் இரு வாரத்துக்கொருமுறை பயிற்சி பெற்று, குறித்த நாளிற் குறித்த கமக்காரரைச் சந்தித்தல் வேண்டும் என்பது விதி. வருகின்ற நாள் முன்கூட்டியே தெரிந்தமை இம்முறையின் சிறப்பு. மேலிருந்து வந்த செய்தியே கீழே கூறப்பட்டமையும், வசதியுள்ள கமக்காரரே அடிக்கடி தெரியப்பட்டமையும் அதன் குறைகள்.

அம்முறையும் நிலைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் விரிவாக்கப் பணியின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குச் சென்றது. 1989 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2,400 விரிவாக்க ஊழியர்கள் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டனர். பூச்சி கண்ட இலையைக் கையிலெடுத்துப் பார்த்தவர் வதிவுச் சான்றிதழில் ஒப்பமிடச் சென்றார். அவர் விட்டுச் சென்ற இடத்தை ஊர்க்கடையில் மருந்து விற்பவர் நிரப்பினார் என்பதை மரக்கறி செய்கிறவர்கள் நன்கறிவர். நோய் இன்னதெனத் தெரியாமலே இரண்டு மூன்று நாசினிகளைக் கலந்து தெளிக்கும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது, வயல்களில் ஒரு போகமேனும் செய்துகாட்டாத போதனையொன்றை உத்தியோகத்தர் கொண்டுசெல்ல நேர்ந்தது. கணக்கு எளியது. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவில் அதே அளவைப் பெற 2,300 கிலோ தேவை. அதுவும் மெல்ல மெல்லவே பயிருக்குக் கிடைக்கும். கூட்டெரு மண்ணுக்கு நன்மையானது என்பதில் ஐயமில்லை. அத்தனை கூட்டெரு அந்தப் போகத்துக்குள் எவ்வூரிலும் இல்லை என்பதே பிரச்சினை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் அப்பெரும்போகத்தின் நெல்விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது.

இன்று 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் திணைக்களத்திடம் ஆலோசனை கேட்கலாம். கமநல சேவை நிலையத்திலும் போதனாசிரியரைக் காணலாம். புதிய விதையையோ பசளையையோ யார் கூறினாலும் முழு வயலிலும் ஒரேயடியாக இடாது, ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, அடுத்த பாத்தியை வழக்கப்படி விடுதல் நன்று. இரண்டும் ஒரே வாய்க்காலில் நீர் பெறுவனவாகவும், ஒரே நாளில் விதைத்தனவாகவும் இருத்தல் வேண்டும். அறுவடையின்போது ஒவ்வொன்றிலும் 10 அடிக்கு 10 அடியாக மூன்று இடங்களைக் கயிறிட்டு அளந்து, தனித்தனியே அறுத்துத் தூற்றி, காயவைத்து நிறுத்துச் சராசரி காண்க. அந்தக் கிலோவை 436 ஆற் பெருக்கினால் ஏக்கருக்குரிய விளைச்சல் கிடைக்கும். 4 கிலோ எனின் ஏறக்குறைய 1,740 கிலோ, அதாவது 83 புசல். வரம்போரத்தை அளவில் சேர்த்தலாகாது. அங்கே பயிர் எப்போதும் செழிப்பாகவே நிற்கும். விதைத்த திகதி, இட்ட பசளை, நிறை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிவைத்து, போதனாசிரியர் வரும்போது அவருக்குக் காட்டுக.