கழித்துவிடும் கோழியில் வீட்டுச் சாசேஜ்

அடை வைத்த முட்டையில் பொரிப்பது பாதி சேவல், பாதி பெட்டை. இயற்கை போட்ட கணக்கு அது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதிச் சேவல்கள் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் தின்கிற தீனிக்கு எடை ஏறாது, ஒன்றையொன்று கொத்திக் கிழித்துக்கொள்ளும். முட்டை நின்றுபோன பெட்டைகளும் இந்தக் கணக்கில்தான் வரும். வியாபாரி வந்து, "கறி ரப்பராட்டம் இருக்கும் சார்" என்று சொல்லியே விலையை இறக்குவார். பேங்க்கில் இதற்கு வாராக்கடன் என்று பெயர்!

அதே வாரம் டவுனுக்குப் போய், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சாசேஜ் பாக்கெட் வாங்கி வருகிறோம். அடுத்த முறை அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கோழிக்கறியோடு ஸ்டார்ச், சோயா புரதம், பாஸ்பேட், சோடியம் நைட்ரைட் என்று வரிசையாகப் போகும்.

முற்றிய கோழி கடினமாக இருக்கக் காரணம், வயது ஏற ஏறத் தசையைச் சுற்றியுள்ள இணைப்புத்திசு இறுகிப்போவது. கொத்துக்கறியாக அரைத்துவிட்டால் அந்தக் குறை போய்விடும், முற்றல் கறிக்கே உரிய ருசி நிற்கும். அதனால் சாசேஜுக்கு இளங்கோழியைவிட இதுதான் பொருத்தம் என்பேன்.

1 கிலோ கலவைக்கு எலும்பில்லாத கறி 800 கிராம், தோலும் வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்து 200 கிராம். நாட்டுக்கோழியில் கொழுப்பு குறைவு, தோலை எறிந்துவிட்டால் சாசேஜ் மரத்தூள் மாதிரி உதிரும். மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய தோல் என்றால் வாசனைக்கு வேறெதுவும் தேவையில்லை. உப்பு 16 கிராம். கல்லுப்பைப் பொடித்துத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். மிளகு, சோம்பு, பூண்டு, இஞ்சி அவரவர் கைப்பக்குவம்.

முக்கியமான விஷயம் குளிர்ச்சி. உப்பு கறியிலுள்ள புரதத்தை வெளியே இழுக்கிறது. அந்தப் பசைதான் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. அரைக்கும்போது சூடேறினால் கொழுப்பு இளகிப் பிரிந்துவிடும், வேகும்போது எண்ணெய் தனியாக ஓடும். ஆகவே கறியை ஃப்ரீசரில் அரை மணி நேரம் விறைக்க வைத்து, முதலில் உப்போடு அரைத்து, பிறகு கொழுப்பும் ஐஸ் தண்ணீர் 80 மில்லியும் சேருங்கள். மிக்ஸி என்றால் விட்டுவிட்டுத்தான் ஓட்டணும். கொஞ்சம் உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் பதம். உப்பு காரம் பார்க்க ஒரு சிறு உருண்டையைத் தோசைக்கல்லில் வேகவைத்துத் தின்று பாருங்கள். பச்சையாக நாக்கில் வைக்காதீர்கள்.

ஆட்டுக்குடலில் அடைக்கலாம், ஆனால் சுரண்டிச் சுத்தம் செய்யவே பாதி நாள் போய்விடும். தணலில் வாட்டிய வாழையிலையில் விரல் கனத்துக்கு உருட்டி, இரு முனையையும் வாழைநாரால் கட்டுவது சுலபம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. 80 டிகிரி அளவில், சிறு குமிழ் எழும்பும் சூட்டில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நடுப்பகுதி 74 டிகிரி தொடணும். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பூச்சி விரட்டிக்குக் கண்ணளவு போதும், கோழிக்கறிக்குப் போதாது. வெந்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, துடைத்து உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகணும்.

இனி நைட்ரைட். நிறத்துக்கு மட்டும் அதைப் போடுவதில்லை. 1820-களில் ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில், சாசேஜ் தின்றவர்கள் வாதம் வந்து இறந்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் விரிவாக எழுதினார். 'பொட்டுலிசம்' என்ற பெயரே சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். காற்றுப் புகாத, ஈரமான, வெதுவெதுப்பான இடத்தில் வளரும் கிருமி அது. நைட்ரைட் அதைத் தடுக்கிறது. மறுபக்கம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சேர்த்தது. நைட்ரைட் வேண்டாம் என்று நாம் முடிவெடுப்பது சரி. ஆனால் அப்படி எடுத்தால், சாசேஜைச் சமைத்த கறிக்குழம்பு மாதிரித்தான் நடத்தணும்: ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் நாய்க்குக்கூட வேண்டாம்.

"உப்புக்கண்டத்தை வெயிலில் காயப்போடுகிறோமே, இதை அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாதுங்க. உப்புக்கண்டம் மெல்லிய துண்டு, உப்பும் அதிகம், உள்வரை வறண்டுவிடும். சாசேஜில் மேலிருந்த கிருமியும் அரைபட்டு உள்ளே கலந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், உப்பு 2 சதவீதம்கூட இல்லை. கலர் வெளுப்பாக இருக்கிறது என்று பீட்ரூட் சாறு ஊற்றுவதும் தேவையில்லாத வேலை. வெந்ததா வேகலையா என்று தெரியாமல் போகும்.

விற்கலாமா என்றால், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், கரண்ட் போனாலும் உருகாத ஃப்ரீசர் ஏற்பாடும் இருந்தால் மட்டும். அதுவரை மாதம் இரண்டு சேவலை வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் செய்து பாருங்கள். எலும்பை வீணாக்காமல் சூப் வைத்துவிடலாம்.