நாடி பார்க்கும் நானும், கண் பார்க்கும் கம்ப்யூட்டரும்!

'சித்த வைத்தியர் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துட்டாரே... மூலிகையெல்லாம் தீர்ந்துபோச்சா?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. விஷயம் இருக்கிறது. முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கடுக்காயும் தேனும் வாங்க நான் அடிக்கடி கல்வராயன் மலைக்குப் போவேன். அங்கே எனக்குக் கடுக்காய் பொறுக்கித் தரும் பெரியவர் ஒருவர். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. என் சூரணம், சுகாதார நிலையத்து மாத்திரை இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிடுபவர். போகும்போதெல்லாம் நாடி பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"கண்ணு எப்படிங்க?" என்றால், "நல்லாத்தான் தெரியுது சாமி" என்பார். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கே இறங்கி வந்து நின்றார். "ஒரு பக்கம் கறுப்பா திரை போட்ட மாதிரி இருக்கு சாமி." விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. ஒரு கண் போனது போனதுதான். இன்னொரு கண்ணை லேசர் சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் 'விழி'யும் ஒன்று. கல்லூரியில் படித்து மனப்பாடம் செய்தவன் நான். ஆனால், வெறும் கண்ணால் பார்த்தால் விழியின் நிறம் தெரியும், வறட்சி தெரியும். உள்ளே இருக்கிற விழித்திரை தெரியாதே! அதைப் படம் பிடிக்கத் தனி கேமரா வேண்டும். அந்தப் படத்தைப் படிக்கக் கண் டாக்டர் வேண்டும். மலைமேல் அவருக்கு எங்கே போவது?

மலை ஏறும் வசதிகள்

ஒரு காலத்தில் நகரத்துக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்த சேவைகள் இப்போது போன் வழியாகக் கிராமத்துக்கும் வருகின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008-லும், 104 மருத்துவ ஆலோசனை 2013-லும் தமிழகத்துக்கு வந்தன. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது.

அடுத்து வந்திருப்பதுதான் செயற்கை நுண்ணறிவு. அதாவது, படம் பார்த்து நோய் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட கம்ப்யூட்டர்.

எப்படிப் பழக்கினார்கள்?

நாங்கள் குருவிடம் நாடி பழகியது போலத்தான்! ஆயிரம் கை பிடித்த பிறகுதானே விரல் பேசும்? கூகுள் நிறுவனத்தார் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தையும் கண் மருத்துவர்கள் பலமுறை பார்த்து, 'இது நோய், இது நோயில்லை' என்று குறித்திருந்தார்கள். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னை சங்கர நேத்ராலயாவும் இந்தப் பணியில் பங்கெடுத்தன. 2016-ல் முடிவு வெளியானது. சர்க்கரை வியாதியால் வரும் விழித்திரைக் கோளாறைக் கம்ப்யூட்டர் கண் டாக்டர்களுக்கு இணையாகக் கண்டுபிடித்தது! 2019-ல் மதுரையில் நோயாளிகளைப் பரிசோதிக்கவே பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையும் 'இ-பார்வை' என்றொரு செயலியை உருவாக்கியது. செல்போனில் கண்ணைப் படமெடுத்தால், கண்புரை இருக்கிறதா என்று சொல்லும். ஒன்றை நினைவில் வையுங்கள். கண்புரையில் போன பார்வை பெரும்பாலும் ஆபரேஷனில் திரும்பி வரும். விழித்திரை கெட்டுப் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதனால் அங்கே முன்கூட்டிப் பார்ப்பதுதான் வைத்தியமே.

தாய்லாந்து சொன்ன பாடம்

அப்படியானால் மெஷின் வாங்கி வைத்தால் போதுமா? போதாது. கூகுளின் இதே கருவியைத் தாய்லாந்தில் 11 சிகிச்சை நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் 'தெளிவில்லை' என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. பல இடங்களில் படமெடுக்க இருட்டறை இல்லை. சில இடங்களில் இன்டர்நெட் இழுத்தடித்தது. ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர்களை, 'இன்னொரு நாள் வாங்க' என்று அனுப்ப வேண்டியதாயிற்று. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்கும் மலைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். மெஷினோடு இருட்டறையும், பழகிய நர்ஸும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் சேர்ந்து வந்தால்தான் அது சேவை.

நீங்கள் செய்ய வேண்டியது

* சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த உடனேயே ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்யுங்கள். பிறகு வருஷம் ஒருமுறை. பார்வை நன்றாக இருந்தாலும்!
* செல்போன் செயலி 'புரை இல்லை' என்று சொன்னால், விழித்திரையும் நலம் என்று அர்த்தமில்லை.
* திடீரென்று புள்ளிகள் மிதப்பது, திரை விழுவது போலிருப்பது... அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.
* தாய்ப்பால், இலைச்சாறு என்று கண்ணில் எதையும் விடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!
* எந்த வைத்தியம் பார்த்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "கடைசியா எப்போ கண்ணைப் படமெடுத்தீங்க?" என்பதுதான். பதில் வந்த பிறகுதான் நாடியைப் பிடிப்பேன். பெரியவர் இன்றும் மலையில் இருக்கிறார். மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணால் கடுக்காய் பொறுக்கித் தருகிறார். அதை வாங்கும்போதெல்லாம் என் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.