முதல் காரை அலங்கரிக்கப் போறீங்களா? சீட் கவரிலிருந்தே கவனம் தேவை!

வண்டிக்குப் பூஜை போட்டு, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய மறுநாளே பையன் ஆரம்பித்துவிடுவான். "அப்பா, ஒரு பத்தாயிரம் கொடுங்க. சீட் கவர் போட்டு, கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிட்டு வந்துடறேன்." காட்பாடியில் மட்டுமல்ல, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் எந்த வீட்டுக்கு முதல் கார் வந்தாலும் இதே கதைதான். ஷூ கம்பெனியிலோ ஐ.டி.யிலோ வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் சேர்த்து, மீதிக்கு லோன் போட்டு வாங்கிய வண்டி. தெருவில் நிற்கும் மற்ற வண்டிகளைப் போலவே இருந்தால் மனசு ஒப்புமா?

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், "எல்லாரும் போடறாங்க தம்பி" என்று அக்சஸரீஸ் கடையில் மாட்டிவிடும் சாமான்களில் சில, விபத்தின்போது உயிரைக் காப்பாற்ற வேண்டிய பாகத்தையே முடக்கிவிடும். வேறு சில, ரோட்டில் போலீஸ் கை காட்டும்போது அபராதமாக வந்து நிற்கும். எது எந்த ரகம் என்று காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தோல் ஊரில் சீட் கவர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை மக்களுக்கு லெதரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும், கடையில் 'நப்பா லெதர்' என்று பளபளக்கும் சீட் கவரை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். அடிப்பக்கம் துணி தெரிந்தால் அது ரெக்சின் ரகம். நிஜத் தோலின் அடிப்பக்கம் நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும்.

இந்த ஊர்ப் பையன்களுக்கு இன்னொரு யோசனையும் வரும். தெரிந்தவர் கம்பெனியில் ஷூவுக்கு வைத்திருக்கும் தோலைச் சல்லிசாக வாங்கி சீட்டுக்குத் தைத்துவிட்டால் என்ன? ஷூவுக்கான தோல் வேறு, கார் சீட்டுக்கான தோல் வேறு. மூடிய காருக்குள் மே மாத வெயிலைத் தாங்க வேண்டும், சாயம் சட்டையில் ஒட்டக்கூடாது, தினமும் உரசினாலும் மேல்பூச்சு உரியக்கூடாது, சட்டென்று தீப்பிடிக்கக்கூடாது. அதற்கென்றே தனியாகப் பதப்படுத்துவார்கள். அப்படிச் செய்யாத தோல் சூட்டில் கக்கும் எண்ணெய் ஆவி, முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படிவதும் உண்டு.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். உயிர் சம்பந்தப்பட்டது அடுத்தது. பல கார்களில் முன் சீட்டின் ஓரத்திலேயே சைடு ஏர்பேக் இருக்கிறது. கதவுப் பக்கம் சீட்டில் 'ஏர்பேக்' என்று சின்னதாக ஒரு லேபிள் தைத்திருப்பார்கள். இடி விழுந்ததும் சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு, கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது வெளியே வர வேண்டும். கெட்டியான ரெக்சினை மேலே இறுக்கிப் போர்த்திவிட்டால் அது வருவது தாமதமாகும், அல்லது தப்பான பக்கம் விரியும். அந்த இடத்தில் எளிதில் பிரியும் தையல் போட்ட, ஏர்பேக் சீட்டுக்கென்றே செய்த கவர் கிடைக்கிறது. கார் கம்பெனி ஷோரூமிலேயே கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் கவரே வேண்டாம். உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு காட்டன் துண்டு போதும். வேலூர் வெயிலுக்கு ரெக்சினைவிடத் துண்டு எவ்வளவோ சுகம்!

பின் சீட்டையும் மறந்துவிட வேண்டாம். குழந்தை சீட்டை மாட்டும் கொக்கிகள் பல கார்களில் சீட்டின் இடுக்கில் இருக்கின்றன. கவர் அவற்றையும் மூடிவிடக்கூடாது. டேஷ்போர்டில் பிள்ளையாரோ, வேளாங்கண்ணி மாதாவோ, மெக்கா படமோ, எதை வைத்தாலும் பயணி பக்க ஏர்பேக் மூடிக்கு மேல் மட்டும் ஒட்டக்கூடாது. ஏர்பேக் விரியும்போது அந்தப் பொருள் நேராக முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

வெயில் உண்மைதான், ஆனால் கறுப்பு ஃபிலிம்?

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கண்ணாடிக்கு ஃபிலிம் கேட்பது ஆடம்பரம் இல்லை. ஆனாலும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதம், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவிகிதம் வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது.

பிறகு விதி மாறியது. தரநிர்ணயத்துக்கு உட்பட்ட 'சேஃப்டி கிளேஸிங்' வகை ஃபிலிமுக்கு 2021 ஏப்ரல் முதல் இடம் உண்டு. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 70, 50 என்ற அளவு மட்டும் மாறவில்லை. எனவே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரிகிற, வெப்பத்தை மட்டும் தடுக்கிற ஃபிலிம்தான் சரி. பில்லையும், எத்தனை சதவிகிதம் வெளிச்சம் விடும் என்ற சான்றையும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. அப்படியும் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நிறுத்தியிருக்கும்போது முன் கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளித் தட்டி இருக்கவே இருக்கிறது.

ஆர்.சி.யில் இருப்பதுதான் எல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 'ஒவ்வொன்றுக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாற்றம் என்றால் பத்தாயிரம்!

முழு வண்டிக்கும் வேறு கலர் அடிக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் புதுக் கலரை ஏற்ற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட்டுக்கும் அப்படித்தான். பல சுருதியில் அலறும் ஹாரன், வீடே அதிரும் சைலன்ஸர், எழுத்தை வளைத்து நெளித்த நம்பர் பிளேட் ஆகியவற்றுக்கு இடமே இல்லை.

முன்பக்கம் மாட்டும் இரும்பு பம்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகன் ஓட்டும் வண்டிக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அப்பாக்களே முன்னின்று மாட்டிவிடும் சாமான் இது. காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அது நசுங்கி இடியின் வேகத்தை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர்களின் உடம்புக்கு அடி குறையும். இரும்பு பம்பர் அந்த விசையை நேராகச் சேஸிஸுக்கு அனுப்பிவிடும்; ஏர்பேக் சென்சாரையும் குழப்பிவிடலாம். குறுக்கே வந்த ஆள் மீது பட்டால் அவர் கதி இன்னும் மோசம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

லைட்டும் டயரும்

ராத்திரி சித்தூர் ரோட்டில் வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போடுபவர்கள் உண்டு. 5 ஆம்பியர் ஓடிய ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஒயர் சூடேறும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். ஹாலஜன் பல்புக்குச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வேறு தொல்லை. ஒளி புறப்படும் இடம் மாறிவிடுவதால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறி, எதிரே வரும் டூ வீலர்காரர் கண்ணில் அடிக்கும். மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, லைட்டின் உயரத்தைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீரும். எந்த எலெக்ட்ரிக்கல் சாமானாக இருந்தாலும் ஒயரை வெட்டி ஒட்டாமல், கப்ளரில் செருகுவதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

டயரில் காசு போடுவது நல்ல விஷயம். பெரிய டயர் வேண்டுமென்றால், அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் கம்பெனி என்ன சைஸ் கொடுக்கிறது என்று பார்ப்பது சுலபமான வழி. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 போட்டாலும் சுமார் 622 மி.மீ.தான், ரிம் பெரிசாகத் தெரியும், ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. ஆசைப்பட்டு 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647-ஐத் தாண்டும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். திருப்பத்தில் ஃபெண்டரில் உரசவும் கூடும்.

சைஸைவிட வயது முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரோடு கோடையில் பெங்களூர் ஹைவேயில் ஏறுவது ஆபத்து. காற்று எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியா?

பல வீடுகளில் முதல் கார் செகண்ட் ஹேண்ட்தான். முன்னாள் ஓனர் மாட்டிய ஃபிலிம், பம்பர், ஹாரன் எல்லாம் வண்டியோடு சேர்ந்தே வரும். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இப்போது ஓட்டுபவர். விலை பேசும்போதே ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு கலர், எரிபொருள், சேஸிஸ் நம்பர் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், வேண்டாத சாமான்களைக் கழற்றித் தரச் சொல்வதும் கௌரவக் குறைச்சல் இல்லை. வாங்கிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸையும் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

புதிதாக மியூசிக் சிஸ்டம் போட்டால் அதையும் பாலிசியில் சேர்க்கலாம். எலெக்ட்ரிக்கல் அக்சஸரீஸுக்கு அதன் மதிப்பில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம் என்பது வழக்கம். 20,000 ரூபாய் சிஸ்டம் என்றால் வருஷத்துக்கு 800 ரூபாய். சொல்லாமல் விட்டால், வண்டி இடித்தாலோ திருட்டுப் போனாலோ அந்தச் சிஸ்டத்துக்குப் பணம் வராது. பில்லை போனில் ஒரு போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு அன்றைக்கே அனுப்பிவிடலாம்.