தூக்குமரத்தடியில் ஒரு சூதாடி

அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தைக் களமாகக் கொண்ட சித்திரக் கதைகளில், எத்தனை ஆசிரியர்கள் எத்தனை விதமாகச் சொல்லியிருந்தபோதிலும் வாசகனுக்கு அலுக்காத சம்பவம் ஒன்று உண்டு. பொழுது புலரும் வேளையில், ஊர் முழுவதும் கூடிநிற்க, செய்யாத குற்றத்துக்காக ஒருவனைத் தூக்குமரத்தடிக்கு அழைத்து வருகிறார்கள். அவனுக்காகப் பரிந்து பேச நீதிபதியும் இல்லை, பாதிரியாரும் இல்லை, பணக்காரரும் இல்லை. கடைசியில் அவனைக் காப்பாற்ற முன்வருகிறவனோ, முந்தின இரவு வரை மதுக்கடையின் மூலையில் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த, ஊரார் ஒருவரும் மதிக்காத ஒரு சூதாடி.

சூதாடியை இந்தப் பணிக்கு அமர்த்திய கதாசிரியர்கள், சரித்திரத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். உண்மையான மேற்குப் பிரதேசத்தில் சூதாடி தூக்குக் கயிற்றை அறுக்க வந்தவன் அல்லன். பெரும்பாலும் அந்தக் கயிற்றுக்குக் கீழே நின்றவன். மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள விக்ஸ்பர்க் நகரில் 1835-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல், ஊர்மக்கள் ஒன்றுகூடி ஐந்து சூதாடிகளைத் தூக்கிலிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நிகழ்ந்த சார்லஸ் கோராவின் கதை இன்னும் உருக்கமானது. அரசாங்க மார்ஷல் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக அந்தச் சூதாடி மீது வழக்குத் தொடரப்பட்டது. அவனோடு வாழ்ந்துவந்தவளும், விலைமாதர் இல்லம் ஒன்றை நடத்திச் செல்வம் சேர்த்தவளுமான பெல் என்பவள், தன் பொருளைத் தண்ணீராக வாரி இறைத்து, எட்வர்டு பேக்கர் என்ற பேர்பெற்ற வழக்கறிஞரை அமர்த்தினாள். ஜூரிகள் ஒருமுடிவுக்கு வர முடியாமல் பிரிந்தார்கள். ஆனால் 1856 மே மாதத்தில், பத்திரிகாசிரியர் ஒருவர் வேறொருவனால் சுடப்பட்டதும், பொறுமையிழந்த நகரத்தார் தாங்களே ஒரு கண்காணிப்புச் சங்கத்தை அமைத்து, பத்திரிகாசிரியரைச் சுட்ட கேஸியோடு கோராவையும் சேர்த்து 22-ஆம் தேதி தூக்கிலேற்றிவிட்டார்கள். சாவதற்குச் சற்று முன் கோரா பெல்லை முறைப்படி மணந்துகொண்டான். அன்பும் பொருளும் வாதத்திறமையும் ஒன்றுகூடியும் அவன் கழுத்தைக் காக்க முடியவில்லை.

இலக்கியமும் முதலில் இந்தத் தோல்வியைத்தான் பாடியது. பிரெட் ஹார்ட் என்னும் எழுத்தாளர் 1869-இல் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க வாழ்க்கையை வைத்து எழுதிய ‘டென்னஸியின் கூட்டாளி’ என்ற சிறுகதையை, இந்தச் சம்பவத்தின் மூலவிக்கிரகம் என்றே நான் கருதுகிறேன். டென்னஸி என்பவன் சூதாடி. திருடன் என்ற பெயரும் வாங்கியவன். தன் கூட்டாளியின் மனைவியையே கூட்டிக்கொண்டு ஓடிப்போனவன். அப்படியிருந்தும், அவன் வழிப்பறிக் குற்றத்துக்காகப் பிடிபட்டு மரண தண்டனையை எதிர்நோக்கி நிற்கும்போது, அந்தக் கூட்டாளி விசாரணைச் சபைக்கு நடந்து வந்து, தன் வாழ்நாள் சம்பாத்தியமான 1,700 டாலர் பெறுமானமுள்ள தங்கத்தையும் ஒரு கடிகாரத்தையும் மேஜைமீது கொட்டி, கணக்கை இத்தோடு தீர்த்துக்கொள்ளலாமா என்ற பாவனையில் நிற்கிறான். கள்ளங்கபடமற்ற அந்த மனிதனின் செய்கையை லஞ்சம் என்று நினைத்துவிட்ட சபை, தண்டனையை இன்னும் உறுதிப்படுத்துகிறது. நண்பனின் உடலைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடக்கம் செய்வதுதான் அவனுக்குக் கிட்டியது. அதே ஆண்டில் ஹார்ட் எழுதிய இன்னொரு கதையில் வரும் ஓக்ஹர்ஸ்ட் என்ற சூதாடியோ, விவரமறியாத ஓர் இளைஞனிடம் ஜெயித்த நாற்பது டாலரைத் திருப்பிக் கொடுத்து, இனி ஒருபோதும் சீட்டைத் தொடாதே என்று புத்தி சொல்லி அனுப்புகிறவன். சூதாடிக்கும் ஓர் அந்தராத்மா உண்டு என்று உரக்கச் சொன்னவர் ஹார்ட். அவனுக்கு வெற்றியைத் தர மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வெற்றியைத் தந்தது சித்திரக் கதை. அதுவும் உடனே தந்துவிடவில்லை. பெல்ஜியச் சித்திரக்காரரான மோரிஸ் 1950-களின் தொடக்கத்தில் லக்கி லூக் கதைகளில் படைத்த பாட் போக்கர், சூதாட்டத்தில் மோசடி செய்து பிழைக்கும் சுத்த வில்லன்தான். 1963-இல் பிரெஞ்சு வாரப் பத்திரிகையான ‘பிலோத்’தில், ழான்-மிஷெல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைய, ப்ளூபெர்ரி என்ற குதிரைப்படை லெப்டினன்ட் தோன்றியபோதுதான் நிலைமை மாறியது. முகச்சவரம் செய்யாத, மேலதிகாரிகளுக்குப் பணியாத இந்த நாயகனை ஆசிரியர்கள் நமக்கு முதன்முதலில் அறிமுகம் செய்துவைக்கும் இடமே மதுக்கடையின் சீட்டாட்ட மேஜை. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களின் வழியே அவன் ‘கேப்டன் டைகர்’ என்ற பெயரில் தமிழ் வாசகர்களின் சொந்தப் பிள்ளையாகவே ஆகிவிட்டான்.

சூதாடி இந்தப் பணிக்கு ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறான்? காவல் சூழ்ந்த தூக்குமரத்திலிருந்து ஒருவனை மீட்பதற்குத் துப்பாக்கித் திறமை மட்டும் போதாது. கையில் உருப்படியான சீட்டு ஒன்றுகூட இல்லாதவன் எல்லாம் இருப்பவன்போல் முகத்தை வைத்துக்கொள்வதும், எதிரே இருப்பவனின் கண்ணசைவிலிருந்து அவன் அச்சத்தை அளந்துகொள்வதும், பந்தயத்தை எந்தக் கணத்தில் உயர்த்துவது என்பதற்காகக் கடைசி நொடி வரை காத்திருப்பதும் போக்கர் ஆட்டத்தின் பாலபாடங்கள். குண்டில்லாத துப்பாக்கியைக் காட்டிக் காவலனை மிரட்டவும், பாதிரி வேடத்தில் கைதியின் அறைக்குள் நுழையவும், ஆறு பேரை அறுபது பேராகக் காட்டவும் இவையன்றி வேறு கல்வி வேண்டுமா? சமூகம் எந்தத் திறமைகளுக்காக அவனை வெறுத்ததோ, அதே திறமைகள்தாம் இங்கே ஓர் உயிரைக் காக்கின்றன.

நம் நாட்டு மனத்துக்குச் சூதாடியின்மீது வெறுப்பு இருப்பது நியாயமே. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே அதற்கென ஒதுக்கினார், நளன் நாடிழந்தான், தருமபுத்திரனோ தம்பியரையும் தன்னையும் பணயம் வைத்துத் தோற்றபின் பாஞ்சாலியையும் வைத்தான். அவன் செய்த பாவம் ஆடியதில் மட்டுமா இருக்கிறது, பிறர் உயிரையும் மானத்தையும் பணயமாக வைத்ததிலும் அல்லவா இருக்கிறது! தூக்குமரத்தடிக்கு வரும் சூதாடி, தருமன் சூதாடிய சபையில் நடந்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறான். நண்பனின் உயிரை வெல்வதற்காகத் தன் உயிர் ஒன்றையே பணயமாக வைக்கிறான். வேறு எவருடையதையும் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்ட வாசகனுக்கு, இக்கதைகள் சூதைப் புகழ்கின்றன என்ற குற்றச்சாட்டு எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும்.

திரைப்படமும் இதே காட்சியைக் கையாண்டது, ஆனால் வியாபாரமாக. ஸெர்ஜியோ லியோனேயின் 1966-ஆம் ஆண்டுப் படமான ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யில், பிளாண்டி தன் கூட்டாளி டூகோவை அதிகாரிகளிடம் ஒப்படைத்து 2,000 டாலர் வெகுமதியை வாங்கிக்கொண்டு, பிறகு தூரத்திலிருந்து சுட்டு அவன் கழுத்துக் கயிற்றை அறுத்து விடுவிக்கிறான், அடுத்த ஊரிலும் அதே நாடகம். அங்கே பணயம் வைக்கப்படுவது டூகோவின் கழுத்து, லாபமோ இருவருக்கும். அற்புதமான காட்சிதான், எனினும் அதில் சினேகம் இல்லை.

சித்திரத்தில் இச்சம்பவம் இவ்வளவு வலிமை பெறுவதற்கு அதன் உருவமும் காரணம். தனியாக ஒரு தூக்குமரம் கட்டாத ஊர்களில், கைதியைக் குதிரைமேல் உட்காரவைத்துக் கயிற்றை மரக்கிளையில் கட்டிவிட்டுக் குதிரையை விரட்டுவது வழக்கம். ஆகவே குதிரையின் ஒரு காலடி, ஓவியனுக்கு ஒரு முழுக் கட்டமாகிவிடுகிறது. முடிச்சு, விரட்ட ஓங்கிய சாட்டை, கூட்டத்தில் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் ஒருவன் என்று அவன் காலத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறான். திரைப்படத்தில் இரண்டு நொடியில் ஓடிவிடுவது இங்கே ஒரு முழுப் பக்கம் நிற்கிறது. அதுவும் வாரந்தோறும் சில பக்கங்களே வெளிவந்த பத்திரிகைத் தொடரில், சாட்டை இறங்கும் கட்டத்தோடு அந்த வாரம் முடிந்துவிட்டால், வாசகன் ஏழு நாள் அந்தக் கயிற்றிலேயே தொங்க வேண்டியதுதான்.

ஷார்லியேயின் மேதைமை, கயிறு அறுபட்டதும் கதையை முடித்துவிடாததில் இருக்கிறது. 1973-இல் ‘சிஹுவாஹுவா பெர்ல்’ என்ற பாகத்தில் தொடங்கும் தங்கப்புதையல் கதையில், கூட்டமைப்புத் தென்னாட்டவரின் தங்கத்தைத் தேடி மெக்ஸிகோ சென்ற ப்ளூபெர்ரி, அதையே அபகரித்தவன் என்ற பழியைச் சுமந்து சிறைக்குப் போகிறான். அவன் அங்கிருந்து தப்புவதற்கு வழிசெய்கிறவர்கள் நண்பர்கள் அல்லர். ஜனாதிபதி கிராண்டைக் கொல்லத் திட்டமிட்டு, அந்தக் கொலையை அவன் தலையில் சுமத்த நினைக்கும் சதிகாரர்கள். மீட்பு என்ற பெயரில் இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? அதற்குப்பின் நீண்ட காலம் அவன் தேடப்படும் குற்றவாளியாகவே திரிகிறான். குடிகார ஜிம்மி மக்ளூர், ரெட் நெக் என்ற இரண்டு கிழச் சிநேகிதர்கள் மட்டும் அவன் பக்கம் நிற்கிறார்கள். கழுத்திலிருந்து கயிற்றை அகற்ற ஒரு குண்டு போதும். பெயரிலிருந்து களங்கத்தை அகற்றுவதற்கோ 1986-இல் வெளிவந்த ‘பாதையின் முடிவு’ வரை ஆல்பத்துக்குமேல் ஆல்பமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நெடுங்கதை முழுவதையும் ‘மின்னும் மரணம்’ என்ற ஒரே பெருந்தொகுப்பாகத் தமிழில் படிக்க வாய்த்தவர்கள், கிராண்டின் உயிரை மீண்டும் காப்பாற்றிய பிறகே தன் மானத்தைத் திரும்பப் பெறுகிற அந்தச் சீட்டாட்டக்காரனோடு, மக்ளூரையும் ரெட் நெக்கையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.