மலையும் காற்றும் காத்த கோயில்கள்

பௌத்தம் பற்றிய பாடத்தில் சாரநாத், சாஞ்சி, அஜந்தா ஆகிய இடங்களை வரைபடத்தில் குறிக்கிறோம். அங்கிருந்து சீனா, கொரியா, ஜப்பான் நோக்கி ஓர் அம்புக்குறி போகும். அந்த அம்புக்குறி சென்று சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. கடந்த கோடை விடுமுறையில், துறையின் தடையின்மைச் சான்று பெற்று, தென்கொரியாவின் உல்சான் நகரில் பணிபுரியும் என் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். அருகிலுள்ள வடக்கு, தெற்கு கியோங்சாங் மாகாணங்களின் மலைக்கோயில்களைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றையும் ஒரே பாடமாக நடத்த அவை உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கோயில்கள் மலையில் இருப்பது ஏன்?

கொரியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மலை. கி.பி. 372இல் பௌத்தம் அங்கு சென்றபின் தலைநகரங்களிலும் கோயில்கள் எழுந்தன. 1392இல் ஆட்சிக்கு வந்த ஜோசொன் அரச மரபு கன்பூசிய நெறியைப் போற்றியது. நகரங்களில் இருந்த கோயில்கள் பல மூடப்பட்டன. துறவிகள் தலைநகருக்குள் நுழையவும் நீண்டகாலம் தடை இருந்தது. ஆட்சியாளரின் கண்ணுக்கு எட்டாத மலைகளில் இருந்தவையே பெருமளவில் தப்பின. கொரிய மொழியில் ‘சான்’ என்றால் மலை, ‘சா’ என்றால் கோயில். ‘சான்சா’ எனப்படும் இத்தகைய மலைக்கோயில்களில் ஏழினை யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மலை அடைக்கலம் தந்தது. கூடவே ஒரு சிக்கலையும் தந்தது. கொரியாவில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கோடை மாதங்களிலேயே கொட்டிவிடும். அப்போது மலைப்பகுதியில் ஈரப்பதம் மிகுதி. கல்லில் பாசி, மரத்தில் பூஞ்சை, இரண்டுக்கும் இது ஏற்ற சூழல். அக்காலக் கட்டடக் கலைஞர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இரண்டு இடங்களில் பார்க்கலாம்.

கல்லால் அடுக்கிய குகை

கியோங்ஜு நகருக்கு அருகே, தோஹாம் மலையில் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோக்குராம். 751இல் தொடங்கி 774இல் முடிக்கப்பட்டது. அஜந்தாவில் எரிமலைப் பாறையான பசால்ட்டைக் குடைந்தார்கள். சோக்குராமில் அப்படிச் செய்யவில்லை. கடினமான கிரானைட் கற்களைச் செதுக்கி, சாந்து பூசாமல், கல்லாலான ஆப்புகளைக் கொண்டே குவிமாடமாக அடுக்கி, ஒரு குகையை உண்டாக்கினார்கள். உள்ளே ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமுள்ள புத்தர், கிழக்கே கடலை நோக்கி அமர்ந்திருக்கிறார்.

சாந்து இல்லாத கற்களின் இடைவெளி வழியே காற்று உள்ளே வந்து போனது. அடியில் ஊற்றுநீர் ஓடியதால் தரைக்கல் குளிர்ந்து, ஈரம் தரையிலேயே படிந்தது. சிலைகள் உலர்ந்தே இருந்தன என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதற்கும் இதுவே காரணம். ஆவி சுருங்குதலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1913இல், ஜப்பானிய ஆட்சிக்காலத்தில், சிதைந்திருந்த இக்குகையைப் பழுதுபார்த்தார்கள். கற்களைப் பிரித்து மீண்டும் அடுக்கி, வெளியே கான்கிரீட் பூசினார்கள். அன்றைய நிலையில் அது நவீனத் தொழில்நுட்பம். ஆனால் காற்றோட்டம் அடைபட்டு, உள்ளே நீர் கசிந்தது, பாசி படர்ந்தது. நீரை வெளியேற்றக் குழாய் பதித்தும், நீராவி பீய்ச்சிப் பாசியை அகற்றியும் சிக்கல் தீரவில்லை. 1960களில் மீண்டும் பெரிய அளவில் சீரமைத்து, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். இன்று நாம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் புத்தரைப் பார்க்க முடியும்.

சன்னல்களின் கணக்கு

தெற்கு கியோங்சாங் மாகாணத்தில், காயா மலையில் இருக்கிறது 802இல் தொடங்கப்பட்ட ஹேயின்சா கோயில். தேகு நகரிலிருந்து பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெங்கும் ஓடையும் பைன் மரங்களும் துணைக்கு வருகின்றன. இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளால் நீரே சிவந்து தெரியும் என்பதால் இதற்குச் ‘செந்நீரோடைப் பள்ளத்தாக்கு’ என்ற பொருளில் பெயர். நான் சென்ற மே மாதத்தில் எங்கும் பச்சை. புத்தர் பிறந்தநாளையொட்டி முற்றம் முழுவதும் வண்ணக் காகித விளக்குகள் தொங்கின.

மங்கோலியப் படையெடுப்பின்போது, 13ஆம் நூற்றாண்டில், திரிபிடகத்தின் சீன மொழிபெயர்ப்பை மரப்பலகைகளில் செதுக்கினார்கள். 81 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள். பெரும்பாலும் இருபுறமும் எழுத்து. எல்லாம் அச்சடிப்பதற்காக இடவலம் மாற்றிச் செதுக்கப்பட்டவை. ஏறத்தாழ 780 ஆண்டுகளாகியும் அவை இன்னும் அச்சடிக்கும் நிலையில் உள்ளன.

காரணம், 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட களஞ்சியம். வளாகத்தின் மிக உயரமான இடத்தில், சரிவில் எழும் காற்று படும்படி அதை அமைத்தார்கள். முன்சுவரில் கீழ்ச் சன்னல் பெரிது, மேல்சன்னல் சிறிது. பின்சுவரில் இதற்கு நேர்மாறு. கீழே நுழையும் காற்று பலகைகளுக்கு இடையே சுற்றி, மறுபுறம் மேலே வெளியேறுகிறது. மண்தரையில் கரி, சுண்ணாம்பு, உப்பு ஆகியவை கலந்திருக்கின்றன. மழைக்காலத்தில் அவை ஈரத்தை உறிஞ்சும். வறண்ட குளிர்காலத்தில் திருப்பித் தரும். பார்வையாளரை உள்ளே விடவில்லை. மரச்சட்டங்களின் இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பலகைகள். முகத்தில் மெல்லிய காற்று. மின்விசிறி எதுவும் கண்ணில் படவில்லை.

1970களில் பலகைகளுக்காக நவீனக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். சோதனைக்காக அங்கே வைத்த பலகைகளில் பூஞ்சை பிடித்தது. உடனே திட்டத்தைக் கைவிட்டு, பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். சோக்குராமில் பூசிய கான்கிரீட்டை எளிதில் திரும்பப் பெற முடியவில்லை. இங்கே முதலில் சோதித்துப் பார்த்ததால் பெரும் இழப்பு நேரவில்லை. மாணவர்களுக்கு நாம் உணர்த்த வேண்டிய வேறுபாடு இதுதான்.

காப்பவர் மனிதரே

காற்றோட்டத்தால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. 1951இல், கொரியப் போரின்போது, இக்கோயில் பகுதியில் பதுங்கியிருந்தவர்கள்மீது குண்டு வீசும்படி கட்டளை வந்தது. விமானி கிம் யங்-ஹ்வான் அதை நிறைவேற்ற மறுத்தார். கோயிலருகே அவருக்கு நினைவுக்கல் உள்ளது. 2025 மார்ச்சில் வடக்கு கியோங்சாங் மாகாணத்தில் பரவிய காட்டுத்தீ, 681இல் தோன்றிய கோஉன்சா கோயிலின் பெரும்பாலான கட்டடங்களை அழித்துவிட்டது. தீ நெருங்கும் முன்பே எடுத்துச் செல்லப்பட்ட கலைப்பொருட்கள் தப்பின. ஒரு காலத்தில் அடைக்கலம் தந்த காடே, வறண்ட காலத்தில் ஆபத்தாகவும் மாறலாம்.

வகுப்பறையில்

1. இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே உயரத்தில் துளையிடுங்கள். மற்றொன்றில் முன்புறம் கீழேயும் பின்புறம் மேலேயும் துளையிடுங்கள். உள்ளே சம அளவு ஈரத்துணியை வைத்து, எது முதலில் காய்கிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும்.

2. பள்ளி வகுப்பறைகளின் சன்னல்களை அளந்து, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அகர்பத்திப் புகையால் கண்டறியச் செய்யலாம். புகையை ஆசிரியரே கையாள்வது நல்லது.

3. ஊரிலுள்ள பழைய கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிற்காலத்தில் அதில் சேர்த்த சிமெண்ட் பூச்சு, ஓடு, வண்ணம் ஆகியவற்றைப் பட்டியலிடலாம். ஒவ்வொன்றாலும் என்ன நன்மை, என்ன பாதிப்பு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும்.

பழையது எல்லாம் சிறந்தது என்றோ, புதியது எல்லாம் கெடுதல் என்றோ மாணவர்கள் முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தைத் திருத்தும் முன், அது இதுவரை எப்படி நிலைத்து நின்றது என்று கேட்கப் பழகினாலே போதும்.