பனிக்காலமும் தோலின் ஈரமும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபு, மார்கழி, தைத் திங்கள்களை முன்பனிக்கும், மாசி, பங்குனியைப் பின்பனிக்கும் உரியனவாக்கிற்று. இந்நாள்களில் வைகறையில் புல்நுனியெல்லாம் ஈரம் நிற்க, நம் தோல் மட்டும் வறண்டு வெளிறுவதேன்?

குளிர்ந்த காற்று தாங்கும் நீராவி குறைவு. மிகுதி பனித்துளியாய்ப் படிந்துவிடும். அக்காற்றே பகலில் வெப்பமடைகையில் வறட்சி மிகுந்து, தோலின் ஈரத்தைக் கவர்கின்றது. தோலின் மேலடுக்கிலுள்ள நெய்ப்பசையே அவ்வீரத்தைக் காக்கும் வேலி. மிகு வெந்நீரும் காரச் சோப்பும் அவ்வேலியைக் கரைத்துவிடுகின்றன. ஆகவே, குடம் குடமாகத் தண்ணீர் பருகுவதால் மட்டும் வறட்சி தீராது. வேலியைக் காத்தல் வேண்டும்.

அனுப்பர்பாளையத்தில் இஃது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. பாத்திரப் பட்டறையில் அமிலத்தால் துலக்கும் கைகளும், சாயப்பட்டறையில் நனையும் கைகளும் அவ்வேலியை நாள்தோறும் இழப்பவை. வெடிப்பு விழின் ரசாயனம் உட்புகும்; புண்ணாகும்; கூலியும் நின்றுபோகும். நீரிழிவுடைய முதியோர்க்கோ, குதிகால் வெடிப்பு ஆறாப் புண்ணாதலும் கூடும்.

காக்கும் வழி எளிது. வெதுவெதுப்பான நீரில் விரைந்து குளித்து, துண்டால் தேய்க்காது ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுக. ஐவேளை ஒளுச் செய்வோரும் கைகால்களை ஒற்றித் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ளலாம். அமிலமும் சாயமும் தொடுவோர்க்கு ரப்பர் கையுறை இன்றியமையாதது. வெடிப்பில் குருதி கசியின் மருத்துவரை நாடுக.

எந்திரத்திற்குத் தவறாது எண்ணெயிடும் நாம், அதனை இயக்கும் கைக்கும் இடுதல் முறையன்றோ!